பத்துக்குப் பத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸ்

வீட்டில் மாடல் ரயில் அமைக்க நினைப்பவர் இன்ஜினுக்கு முன்னால் வாங்க வேண்டியது இஞ்சு டேப். ஆசை எல்லோருக்கும் எக்ஸ்பிரஸில்தான் தொடங்குகிறது; பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்றே வைத்துக்கொள்வோம். உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவில் எல்லாமே 87-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒரு பெட்டி சுமார் 27 செ.மீ.; 22 பெட்டி கோத்தால் 6 மீட்டர். கடையில் கிடைக்கும் 8-க்கு 4 அடி பிளைவுட்டில் வளையமாகத் தண்டவாளம் போட்டால் அதன் சுற்றளவும் ஏறக்குறைய அதே 6 மீட்டர்தான். இன்ஜின் தன் கடைசிப் பெட்டியையே முகர்ந்துகொண்டு நிற்கும். நாலே பெட்டியோடு விட்டாலும், 60 கி.மீ. வேகத்துக்கு ஈடான ஓட்டத்தில் அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று. எழும்பூரிலிருந்து மதுரை போய்ச் சேர 900 சுற்றுக்கு மேல் ஆகும். தாம்பரமும் விழுப்புரமும் திருச்சியும் ஒரே பிளாட்பாரம். பயணிகள் எங்கே இறங்குவது? போதாததற்குப் பத்துக்குப் பத்து படுக்கையறையில் அந்தப் பலகை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். சுவரோரம் தள்ளினால், கை எட்டாத மூலையில்தான் வண்டி தடம்புரளும்.

ஆகவே ஃபிளாட்வாசிக்கு உகந்தது எக்ஸ்பிரஸ் அல்ல, கூட்ஸ் யார்டு என்பது என் கட்சி. “இன்னும் சின்ன அளவில் செய்யலாமே” என்பார்கள். 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவு இருக்கிறது, உண்மை. அதிலும் மதுரை 3 கிலோமீட்டர் தள்ளியே இருக்கும். தவிர, இந்தப் பொழுதுபோக்குக்கு நேரம் வாய்க்கிற வயதில் பெரும்பாலும் வெள்ளெழுத்தும் வாய்த்துவிடுகிறது, 9 மி.மீ. தண்டவாளத்தில் சக்கரத்தை ஏற்றி வைப்பதற்குள் விடிந்துவிடும். “அசலைப் போல இருக்க வேண்டாமா?” என்பது அடுத்த கேள்வி. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; எச்.ஓ. கணக்கில் 19 மி.மீ.க்குச் சற்று மேல். கடைத் தண்டவாளமோ 16.5 மி.மீ. அகலப்பாதையில் 175 மீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வளைவு போடக் கூடாது. அதைச் சுருக்கினாலும் 2 மீட்டர் ஆரம், அதாவது 4 மீட்டர் விட்டம். அறையோ 3 மீட்டர். வளையம் போடுகிறவர் அசலை அப்போதே கைகழுவிவிட்டார். யார்டில் இந்தச் சங்கடம் குறைவு. அங்கே அசல் வண்டியே பத்தடி போய் நின்று, யோசித்து, பின்னால் வருவதுதான்.

“ஷண்டிங்கில் என்ன சுவாரசியம்?” என்றால், பிரிட்டனின் ஆலன் ரைட் அமைத்த இங்கிள்நுக் யார்டைப் பார்க்க வேண்டும். மூன்று சைடிங்: ஒன்றில் 5 வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று நிற்கலாம். இருப்பது 8 வேகன். சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்தை, எடுத்த வரிசையிலேயே கோத்து நிறுத்த வேண்டும். இன்ஜின் முன்னும் பின்னும் போக இருக்கும் இடமோ தன்னோடு 3 வேகனுக்குத்தான். மொத்தம் 6,720 வரிசைகள். நாளுக்கொன்று என்றால் 18 வருஷம் தாங்கும், பீரோவுக்கு மேல் சுமார் ஐந்தடிப் பலகையில். விருந்தாளிக்குக் காட்ட ஒன்றும் ஓடவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள், கன்ட்ரோலரை வந்தவர் கையில் கொடுத்துவிட்டுச் சீட்டை நீட்டலாம். காபி ஆறிப்போகும், மனிதர் எழுந்திருக்க மாட்டார்.