சட்டம் செல்லும், அர்ச்சகர் செல்லக் கூடாது

பங்குனி அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாடவீதியில் கால் வைக்க இடம் கிடைக்காது. மோர்ப் பந்தல், புளியோதரைப் பொட்டலம், மிதிபட்ட டம்ளர். நடுவே பல்லக்குகளில் நாயன்மார்கள் வருவார்கள். யார் யார்? மீன் பிடித்த அதிபத்தர். துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர். சட்டி பானை செய்த திருநீலகண்டர். வேட்டையாடிய கண்ணப்பர். புலைப்பாடியில் பிறந்த நந்தனார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஐம்பொன்னாக இருந்தால் சாதி தெரியாது. அவர்கள் வகையறாவில் ஒருவன் ரத்தமும் சதையுமாக, தீட்சையும் சான்றிதழுமாக, அர்ச்சகர் வேலை கேட்டு வந்தால் உடனே தெரிந்துவிடும். பல்லக்குக்கு விழுந்த கும்பிடு பாரிமுனை உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரிட் மனுவாக எழுந்து நிற்கும்.

கதை பழையது. கருவறை நுழைவுக் கிளர்ச்சி என்று பெரியார் அறிவித்தார். கிளர்ச்சி வேண்டாம், சட்டமே வருகிறது என்றார் முதல்வர் கருணாநிதி. 1970 டிசம்பர் 2-ல் சட்டசபை கை தூக்கியது. சட்டத்தின் சாரம் ஒரு வரி: அப்பா அர்ச்சகர் என்பதற்காகவே மகன் அர்ச்சகர் ஆகிவிட முடியாது. அவ்வளவுதான். இதற்குத்தான் 12 மனுக்கள். மனுதாரர்களுக்காக வாதாட வக்கீல் பால்கிவாலா.

1972 மார்ச் 14. சேஷம்மாள் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த மனுக்களில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். சட்டம் செல்லும். அர்ச்சகரை நியமிப்பது மதம் சாராத காரியம். வாரிசு உரிமை மதத்தின் அங்கம் அல்ல. கை தட்டப் போனோம். நில்லுங்கள் என்றது அடுத்த பத்தி. ஆனால், கோயில் பூஜைக்கு விதிநூலான ஆகமம் யாரை அனுமதிக்கிறதோ அவரைத்தான் நியமிக்க வேண்டும். தகாதவர் தொட்டால் விக்ரகம் தீட்டுப்பட்டுவிடும் என்று ஆகமம் சொல்கிறதே!

அரசு ஜெயித்தோம் என்றது. எதிர்த்தவர்களும் ஜெயித்தோம் என்றார்கள். ஒரு வழக்கில் இரண்டு தரப்பும் இனிப்பு வழங்கினால், தோற்றவர் கோர்ட்டுக்கு வெளியே நிற்கிறார் என்று அர்த்தம். அடுத்த ஆண்டு டிசம்பரில் பெரியார் இறந்தார்.

அந்த 'ஆனால்' மட்டும் சாகவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் நீதிபதி மகராஜன் தலைமையில் இதை ஆராய ஒரு குழு உட்கார்ந்து, அறிக்கை தந்து, எழுந்து போனது. 2006 மே 23-ல் அரசாணை வந்தது: தகுதியும் பயிற்சியும் உள்ள எந்த இந்துவும் அர்ச்சகர் ஆகலாம். ஆணைக்குப் பின்னாலேயே தடையும் வந்தது. ஆனாலும் ஆறு பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். 200-க்கு மேற்பட்ட இளைஞர்கள் ஒன்றரை வருஷம் மந்திரம் படித்தார்கள், தீட்சை வாங்கினார்கள், வெளியே வந்தார்கள். வந்து நின்ற இடம் தெரு. அன்று அவர்களில் பலருக்கு இருபதை ஒட்டிய வயது. 2015 டிசம்பர் 16-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு எழுதியது. ஆணை செல்லும். ஆனால் ஆகமப்படி. தகராறு வந்தால் ஒவ்வொரு நியமனமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதாவது ஒரு குருக்களுக்கு ஒரு கேஸ். வக்கீல் வீட்டில்தான் தினமும் தீபாராதனை.

இதே உச்ச நீதிமன்றம்தான் 2002-ல் கேரள வழக்கு ஒன்றில், முறையாகப் பயின்றவர் பூஜை செய்யலாம், பிராமணராகப் பிறந்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னது. 2017-ல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு பிராமணரல்லாத 36 பேரை நியமித்தது. அதில் ஆறு பேர் தலித்துகள். வானம் இடிந்து விழவில்லை. அங்கே தந்திரம், இங்கே ஆகமம், இரண்டும் வேறு என்பார்கள். வேறுதான். தந்திரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ஆகமம் என்றால் என்ன என்று நாகேஸ்வரராவ் பூங்காவில் நடைபயிலும் ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"காலங்காலமா இருக்கோல்லியோ, அதான் ஆகமம்."

"எது மாமா? சைவத்துல மட்டும் இருபத்தெட்டு சொல்றாங்களே."

"நான் கண்ணால பார்த்ததில்லை. குருக்களைக் கேளு."

நான் குருக்களைக் கேட்கவில்லை. அவர் நியூஜெர்சியில் இருந்தார். கடல் தாண்டினால் தீட்டு என்று ஒரு சாஸ்திரம் முன்பு இருந்தது. அதற்கு விசா கிடைத்துவிட்டது. எந்தக் கோயிலுக்காவது சாயங்கால பூஜைக்குப் போய்ப் பாருங்கள். மூலையில் ஒரு மின்சார மேளம் டமடமவென்று அடிக்கும். அதுவே மணியும் ஆட்டும். நாதஸ்வரக்காரர் இருந்த இடத்தில் மோட்டார். மோட்டாருக்கு என்ன கோத்திரம் என்று இதுவரை யாரும் மனு போடவில்லை. சுவிட்சைத் தட்டினால் போதும், ஆகமம் வாயை மூடிக்கொள்ளும்.

'அரசே, கோயிலை விட்டு வெளியேறு' என்று பதாகை பிடிப்பவர்கள் உண்டு. கோயில் விஷயத்தைக் கோயிலே பார்த்துக்கொள்ளுமாம். நல்லது. கருவறை வாசலுக்கு ஒரு புது அர்ச்சகர் வந்ததும் இவர்கள் எங்கே ஓடுகிறார்கள்? அரசமைப்புச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகளைத் தூக்கிக்கொண்டு, அதே அரசின் கோர்ட்டுக்கு.

ஆண்டவர்களையும் விடக்கூடாது. 2015-ல் வழக்கு முடிந்தபின் முதல் நியமனத்துக்கு 2018 ஆனது, அதுவும் ஒரே ஒருவர், மதுரையில். 2021 ஆகஸ்ட் 14-ல் கபாலீஸ்வரர் கோயில் திருமண மண்டபத்தில் விழா எடுத்து, பயிற்சி முடித்த 24 பேருக்கு ஆணை கொடுத்தார்கள். மேடை, மாலை, கேமரா. 51 வருஷம் கழித்து 24 பேர். பரம்பரை முறையை ஒழிக்கும் சட்டத்தை அப்பா கொண்டுவந்தார், ஆணையை மகன் கொடுத்தார். பரம்பரையைப் பற்றி யாரும் ரொம்பப் பேசாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

அடுத்த ஆகஸ்டில் உயர் நீதிமன்றம். அர்ச்சகர் நியமன விதிகள் செல்லும். ஆனால் ஆகமக் கோயில்களுக்குச் செல்லாது. எவையெல்லாம் ஆகமக் கோயில்? கண்டுபிடிக்க ஓய்வுபெற்ற நீதிபதி சொக்கலிங்கம் தலைமையில் ஒரு குழு. இதை மறுபடி படியுங்கள். ஆகமப்படி நியமி என்று சொன்னது 1972-ல். எந்தக் கோயிலில் ஆகமம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தது 2022-ல். ஐம்பது வருஷமாக, இருக்குமிடமே தெரியாத ஒன்றைக் காட்டித்தான் ஆட்களை வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

2023 செப்டம்பரில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். அதே மாதம் ஆகமக் கோயில்களில் இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். இருப்பது இருந்தபடி இருக்க வேண்டாம் என்பதற்குத்தானே ஐயா சட்டமே போட்டோம்?

கபாலி கோயிலுக்குள் வாயிலார் நாயனாருக்கு ஒரு சந்நிதி உண்டு. மயிலாப்பூர்க்காரர். மனசுக்குள்ளேயே கோயில் கட்டி, மனசுக்குள்ளேயே அபிஷேகம், அர்ச்சனை எல்லாம் நடத்தியவர். அந்தக் கருவறைக்கு யாராலும் தடை வாங்க முடியவில்லை. பயிற்சி முடித்து வந்தவர்களில் பலருக்கு நாற்பதை ஒட்டிய வயதில் அந்த ஒரு கோயிலில்தான் வேலை காலியாக இருக்கிறது. சம்பளம் கிடையாது.