இட்லிச் சட்டிக்கு மேலே ஒரு மச்சு

திருப்பூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் குறையைக் கண்டாலும் அதன்மேல் ஒரு துணியைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பான். நானும் நினைத்தேன்.

எங்கள் பழைய வீடு காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அப்பாரு கட்டியது. மேலே பலகை பாவிய மச்சு. பருத்திப் பொதி அடுக்குவதற்காக அவர் போட்டது. இப்போது கீழே என் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரில் நாலு மிஷினும் ஒரு டீ கேனும் இருந்தாலே கம்பெனிதான்.

ஒருநாள் ஏஜென்ட் போனில் கூப்பிட்டு, அடுத்த மாசம் வெளிநாட்டு பையர் நேரில் வருகிறார், சாம்பிள் ரூம் இருக்குதல்ல என்றார். இருக்குதுங்க என்று சொல்லி வைத்துவிட்டு மச்சுக்கு ஏறிப் பார்த்தேன். பலகைகள் ஒவ்வொன்றும் ஒரு கட்சி. ஒன்று தூக்கிக்கொண்டு, ஒன்று தாழ்ந்து, மிதித்தால் கிறீச்சென்று எதிர்க்கோஷம் வேறு.

பவானிக்குப் போய் ஜமக்காளம் வாங்கி வந்தேன். 2005-இலேயே புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. முரட்டு நூல், பட்டை பட்டையாக வண்ணக் கோடு. விரித்த பிறகுதான் என் புத்தி எனக்கே தெரிந்தது. மறைக்க வாங்கிய ஜமக்காளம், மேடு பள்ளத்தைக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்தது. கடையில் நேராக ஓடிய கோடு எங்கள் மச்சில் நொய்யல் ஆறு மாதிரி வளைந்து வளைந்து போனது. பல நிறமும் இருந்ததால் உவமை கச்சிதம்.

கட்டிங் மாஸ்டர் வந்து பார்த்தார். "பள்ளத்துல வேஸ்ட்டத் திணிச்சரலாங்ணா." பனியன் வேஸ்ட் எங்கள் ஊர்ச் சர்வரோக நிவாரணி. மிஷின் துடைக்க, தலையணை அடைக்க, ஆடுகிற டேபிளுக்கு முட்டுக் கொடுக்க எல்லாம் அதுதான். இரண்டு மூட்டை திணித்தோம். உழுத காட்டில் நடப்பது போல இருந்தது. மூன்றாம் நாள் எலி குடும்பத்தோடு குடிவந்தது.

அப்புறம்தான் ஆசாரியைக் கூப்பிட்டேன். எழுபது வயசிருக்கும். வந்தவர் மச்சுக்கு ஏறவே இல்லை. கீழே அயர்னிங் டேபிள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இதென்னுங் புகை?"

"ஸ்டீமுங்ணா. பீஸ் அயர்ன் பண்றது."

"மேல பலகை ஏன் நெளியுதுன்னு என்னையக் கேக்கறீங்க. இட்லிச் சட்டிக்கு மூடி போட்டாப்ல மச்ச வெச்சிருக்கீங்க."

ஆவி குடித்துக் குடித்துப் பலகையின் அடிப்பக்கம் உப்பிவிட்டதாம். மேல்பக்கம் காய்ந்தே கிடக்கிறது. அடி விரிந்தால் ஓரம் இரண்டும் தூக்கும், நடுவு குழியும். அப்படியானால் இன்றைக்கே இழைத்துவிடுங்கள் என்றேன். அவர் இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஈரத்தோட ஓரத்தச் சீவுனா, காஞ்சு படியறப்ப நடுவு பொடச்சுக்கும். மரத்துக்கும் சுருக்கம் இருக்குதுங். நீங்க வாஷ் போடறதுக்கு முந்தி கடைசி அளவு எடுப்பீங்களா?"

ஷ்ரிங்கேஜ் பற்றி எனக்கே பாடம்! அதிலும் மரம் அகலத்தில்தான் சுருங்குமாம், நீளத்தில் அநேகமாகக் கிடையாதாம். அப்படி ஒரு பனியன் துணி கிடைத்தால் பாதி ஊர் நிம்மதியாகத் தூங்கும்.

அயர்னிங் டேபிளைத் திண்ணைக்கு மாற்றினோம். மூன்று வாரம் ஃபேன் போட்டுக் காய வைத்தோம். பிறகு ஆசாரி வேலையில் இறங்கினார். எழும்பியிருந்த ஆணிகளை நான் சுத்தியலால் அடிக்கப் போக, கையைப் பிடித்துக்கொண்டார். ஆடுகிற ஆணி ஆடுகிற பல் மாதிரியாம். எத்தனை தடவை அடித்தாலும் மறுபடி எழும்பும். அதைப் பிடுங்கிவிட்டு, அடியில் விட்டம் ஓடும் இடமாகப் பார்த்து ஸ்க்ரூ முடுக்கினார். பலகை இறங்கி உட்கார்ந்தது, கோஷமும் அடங்கியது. நன்றாகப் பிடித்திருந்த ஆணிகளின் தலையை மட்டும் உள்ளே இறக்கினார், இழைப்புளி வாய் போய்விடக் கூடாதே என்று. கரையான் தின்ற பலகை ஒன்று விரலால் அழுத்தியதும் பொரி மாதிரி நொறுங்கியது, அதை மாற்றினார். குறுக்கே நூல் இழுத்துக் கட்டி, மேட்டில் எல்லாம் டெய்லர் சாக்கில் என்னைக் குறி போடச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் மார்க்கிங் மாஸ்டர். குறியை இழைத்து, சந்தில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து, மேலே 6 மில்லிமீட்டர் ப்ளைவுட் போட்டார். செங்கல் வரிசை மாதிரி இணைப்புகளைத் தள்ளித் தள்ளி, தாளுக்குத் தாள் ஒரு ரூபாய்க் காசு நுழையும் இடைவெளியோடு. "அது மூச்சு உடோணுமல்லங்" என்றார்.

இப்போது விரித்த ஜமக்காளத்தில் கோடு அம்பு மாதிரி ஓடியது. கட்டிங் மாஸ்டர் குனிந்து தடவிப் பார்த்தார். "இது எத்தன ஜி.எஸ்.எம். இருக்குங்ணா?"

நான் நல்ல குஷியில் இருந்தேன். "வெட்டிப் பாத்தாத்தான் தெரியும், மாஸ்டர்" என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

துணி எதுவானாலும் ரவுண்டு கட்டரை வைத்து அழுத்தி, 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, கிராமில் எடை போட்டு நூறால் பெருக்கி, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று ஜி.எஸ்.எம். சொல்வது அவர் தொழில். அதற்கு அடியில் மட்டமான இடம் வேண்டும். இந்த மச்சைவிட மட்டமான இடம் அவருக்கு எங்கே கிடைக்கும்? காலையில் ஏறிப் பார்த்தால் ஜமக்காளத்தின் நட்டநடுவே தோசை மாதிரி வட்டமாக ஓட்டை. உள்ளே ப்ளைவுட், சும்மா சொல்லக் கூடாது, கண்ணாடி மாதிரி.

டீப்பாயை நகர்த்துவதற்குள் பையர் மாடிப்படி ஏறிவிட்டார். தரையை ஒரு நிமிஷம் பார்த்தார். என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் துணி வாங்குகிற மனிதர். வட்டத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை?" என்று கேட்டார்.

கட்டிங் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.