இழுத்த படகு

கெமாஸ் பால்மரக் காட்டில் வளர்ந்த நாங்கள் நால்வர், சனிக்கிழமை மூவார் ஆற்றில் படகு விட்டோம். ஒரு கூடாரம், ஒரு பாராங், பத்துப் பொட்டலம் மேகி. தீப்பெட்டி மட்டும் வீட்டில் பத்திரமாக இருந்தது.

மழை பொய்த்த மாதம்; ஆற்றில் தண்ணீரைவிட மணல் அதிகம். படகு எங்களைச் சுமந்தது என்று சொல்ல ஆசைதான். சுமந்தது நாங்கள்.

ஆனால் வரலாறு எங்கள் பக்கம். பஹாவ் அருகே ஜெம்போல் ஆற்றுக்கும் செர்த்திங் ஆற்றுக்கும் நடுவே, அக்கால வணிகர்கள் படகைத் தரையில் இழுத்துப்போன வழிக்குப் பெனாரிக்கான் என்றே பெயர். மலாயில் ‘தாரிக்’ என்றால் இழு. அப்படித்தான் மூவாரிலிருந்து பகாங் ஆற்றுக்குத் தாவி, கிழக்குக் கடலை எட்டினார்கள். அவர்களிடம் சரக்கு இருந்தது; எங்களிடம் ஊறிப்போன மேகி.

இன்று அந்த வேலையை ரயில் பார்க்கிறது. கிழக்குக்கரைப் பாதை பிரிவதே கெமாஸில்தான். பஹாவ் வழியாகத்தான் போகிறது. ராத்திரி கொசுக்கடியில் நான் இதை விளக்க, கெண்டைக்கால் அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

“அப்ப வீட்டுக்கிட்டயே ரயில் ஏறியிருக்கலாமேடா மச்சான்?”