சகலையின் சீர்வரிசை

ஞாயிற்றுக்கிழமை எந்நேரம் போனாலும் மதுரையில் என் சகலை வீட்டு டிவி போட்டபடிதான் இருக்கும். ஆனால் அதில் பாட்டு ஓடாது, படம் ஓடாது, செய்தியும் ஓடாது. கறுப்புத் திரையில் சேனல் பெயர்கள் மட்டும் ரேஷன் கடைப் பலகை மாதிரி மேலிருந்து கீழாக நிற்கும். சகலை லுங்கியை மடித்துக் கட்டி, மடியில் வயர் இல்லாத கீபோர்டை வைத்துக்கொண்டு 37-ஐ 41-க்கும், 41-ஐ 36-க்கும் மாற்றிக்கொண்டிருப்பார்.

"உட்காருங்க சகலை. ரெண்டே நிமிஷம். இந்த நியூஸ் குரூப்பை மட்டும் முடிச்சிர்றேன்."

அந்த ரெண்டு நிமிஷம் ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது.

டிவி பார்ப்பவர்களை நமக்குத் தெரியும். டிவியே பார்ப்பதில்லை என்பவர்களையும் தெரியும், அவர்களே தேடிவந்து சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று வந்திருக்கிறது. அவர்கள் டிவியை அடுக்குபவர்கள். நவராத்திரிக் கொலுவில் எந்தப் படியில் எந்த பொம்மை என்று மாமிகள் யோசிப்பார்களே, அதே யோசனைதான். மாமிகளுக்கு அது ஒன்பது நாளில் முடிந்துவிடும், பொம்மைகளும் பெட்டிக்குள் போய்விடும். சகலை வீட்டில் வருஷம் 365 நாளும் கொலு. சுண்டல் மட்டும் கிடையாது.

இத்தனைக்கும் மூலகாரணம் டிவிக்குக் கீழே, சீட்டுக்கட்டு அளவில், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டர். அதற்கு இந்தப் பக்கம் ஹார்ட் டிஸ்க், அந்தப் பக்கம் மாடியிலிருந்து ஒயர் இறங்கும் ட்யூனர். உள்ளே டிவிஹெட்எண்ட் என்றொரு மென்பொருள் சேனல்களைப் பிடித்துப் பிடித்துக் கொடுக்க, கோடி என்ற இன்னொன்று அவற்றைத் திரையில் காட்டும். மொத்தத்துக்கும் சகலை வைத்திருக்கும் பெயர் 'சர்வர்'.

முதல்நாள் இந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் இருவருக்கும் மாமியாரான அத்தை, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பெட்டியையே சற்று நேரம் பார்த்தார். 'சர்வர் சுந்தரம்' வெளியான 1964-லேயே அதைப் பார்த்தவர். "சர்வர்னா வந்து பரிமாறணும்லங்க மாப்பிள்ளை?" என்றார்.

"பரிமாறும் அத்தை. முதல்ல இலையைச் சரியாப் போட்டுக்குவோம்."

சகலையைக் குறை சொல்லவும் மனசு வராது. அவர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பிறந்தவர். சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே வந்துவிட்டாலும், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எண்பதுகளில் தெளிவாகக் கிடைத்தது கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ரூபவாஹினிதான். அப்பா மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவார், அம்மா வாசலில் நிற்பாள், பையன் டிவி முன்னால் நின்றுகொண்டு "வருது... வருது... போச்சு" என்று அஞ்சல் செய்வான். காற்று நல்ல மனசோடு இருந்தால் இரண்டு சேனல், இல்லாவிட்டால் வெறும் புள்ளிகள். இரண்டை வைத்துக்கொண்டு என்னத்தை அடுக்குவது? அந்த ஏக்கத்தைத்தான் மனிதர் இப்போது வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

மாடிக்குப் போனால் குடை இரண்டு நிற்கும். சின்னது டிடி ஃப்ரீ டிஷ் பிடிப்பதற்கு. 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கிய தூர்தர்ஷனின் சேவை அது, மாதச் சந்தா கிடையாது. கிழக்கே 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை அது பார்த்தாக வேண்டும். மதுரையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குப் பக்கம். அதில் அத்தைக்கு மட்டும் மகிழ்ச்சி, "அக்னி மூலையைப் பார்த்து வச்சிருக்காரு, தோஷமில்ல." பெரியது ஆறடிக் குடை. அதன் நிழலில் சகலையின் மனைவி வடாம் காயப்போட முடியாமல் தவிக்கிறாள். நிழலில் வடாம் காயாது, வெயில் விழும் இடத்தில் குடையின் கால் இருக்கிறது.

சேனல் எப்படி வருகிறது என்று தெரியாத்தனமாக ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீங்க பார்க்கறது சேனலே இல்ல சகலை. சேனல்ங்கறது நாம வைக்கிற பேரு. வானத்துலருந்து வர்றது மக்ஸ். ஷேர் ஆட்டோ மாதிரின்னு வச்சுக்கங்க. ஒரே ஆட்டோவுல பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்து வர்றாங்க. நம்ம சர்வர் நிறுத்தத்துல நின்னு ஒவ்வொருத்தரையா இறக்கி, பேர் கேட்டு, நம்பர் குடுத்து உட்கார வைக்குது."

உவமை நன்றாகத்தான் இருந்தது. இறங்குகிறவர்கள் யார் என்று பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது. ஃப்ரீ டிஷ்ஷில் பெரும்பாலும் இந்தி, அதோடு சில போஜ்புரி. சகலைக்கு இந்தி தெரியாது, போஜ்புரி எந்தத் திசை என்றும் தெரியாது. ஆனால் அவர் பட்டியலில் போஜ்புரிக்குத் தனி குரூப். அதற்குள் சினிமா தனி, பாட்டு தனி, பக்தி தனி. எது எது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "கொஞ்ச நேரம் பார்த்தேன் சகலை. ஆடுனா பாட்டு, அழுதா சினிமா, விளக்கு எரிஞ்சா பக்தி."

பெரிய குடையில் விழுபவற்றில் பாதிக்கு மேல் பூட்டியவை. கட்டணச் சேனல்கள், திறக்காது, அமுக்கினால் கறுப்புத் திரைதான். அவையும் பட்டியலில் உண்டு. திறக்காததை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றதற்கு, தெருவில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கும் கதவு எண் உண்டா இல்லையா என்று திருப்பிக் கேட்டார். உண்டுதான். வரி யார் கட்டுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு தமிழ்ப் புத்தாண்டு அன்று சகலைக்குத் தமிழ்ப் பற்று பொங்கிவிட்டது. சேனல் பெயர்களையெல்லாம் தமிழ் எழுத்துக்கு மாற்றி, 'முக்கியத் தமிழ்' என்று ஐந்து சேனலை ஒரு குரூப்பில் போட்டு, அகர வரிசையில் அடுக்கு என்று சர்வருக்குக் கட்டளையிட்டார். அது கலைஞர், சன், ஜெயா, ராஜ், விஜய் என்று அடுக்கியது. சகலை திடுக்கிட்டுப் போனார். சன் டிவிக்குப் பக்கத்து நாற்காலியில் ஜெயா டிவி! தமிழ்நாட்டில் எந்தத் தேர்தலிலும் அமையாத கூட்டணி அந்தச் சீட்டுக்கட்டுப் பெட்டிக்குள் அமைந்துவிட்டது.

விசாரித்ததில் குற்றவாளி ஒருங்குறி என்று தெரிந்தது. நம் பள்ளிக்கூட வரிசையில் ஜ, ஷ, ஸ எல்லாம் கடைசியில் வரும். ஒருங்குறியிலோ இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அச்சில் இடம் ஒதுக்கியதால் ச-வை அடுத்து ஜ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ற, ள, ழ மூன்றும் வ-வை முந்திக்கொள்கின்றன. எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளுக்கு நம் நெடுங்கணக்கு தெரியவே தெரியாது. இரண்டு ராத்திரி தூங்காமல் போராடிய சகலை, கடைசியில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 001, 002 என்று எண் போட்டுப் பிரச்சினையைத் தீர்த்தார். காலையில் காப்பியோடு வந்து பார்த்த அத்தை கவலையோடு கேட்டார், "ஏங்க மாப்பிள்ளை, எல்லாருமே முட்டை வாங்கியிருக்காங்க?"

பட்டியலை அவர் கையால் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எம்3யு என்ற வெறும் எழுத்துக்கோப்பு அது. சேனலுக்கு இரண்டு வரி, அதில் முதல் வரி எக்ஸ்டின்ஃப் என்றே தொடங்கும். ஸ்ரீராமஜெயம் எழுதும் நோட்டுப் போலவே இருக்கும். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எல்லா இடத்திலும் மைனஸ் ஒன்று. அது எதற்கு என்றேன். "இது எவ்வளவு நேரம் ஓடும்னு தெரியாதுன்னு அர்த்தம் சகலை." நம்மூர் சீரியல்களைப் பார்க்காமலே யாரோ இப்படி யோசித்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது.

சகலையின் பொற்காலம் என்றால் 2019 தொடக்கம்தான். பிப்ரவரி 1 முதல் அவரவர் சேனலை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும், நூறு சேனலுக்கு 130 ரூபாயும் வரியும் என்று புது விதி வந்ததே, அப்போது தெருவே விழி பிதுங்கி நின்றது. சகலை பூத் ஏஜென்ட் மாதிரி நோட்டோடு வீடு வீடாகப் போனார். "உங்க வீட்ல கிரிக்கெட் பார்ப்பாங்களா? குழந்தை எத்தனை? மாமியார் கூடவே இருக்காங்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அந்தத் தெருவில் இத்தனை கேள்வி கேட்டதில்லை. அந்த இரண்டு மாதம் அவர் முகத்தில் இருந்த தேஜஸை அவர் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

வருத்த காலமும் உண்டு. மார்ச் 31 ராத்திரி ஊரெல்லாம் கணக்கு முடிப்பார்கள். ஃப்ரீ டிஷ்ஷிலும் ஏலம் எடுத்த சேனல்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. ஏப்ரல் 1 காலையில் சில சேனல்கள் இருக்காது, சில புதிதாக வந்திருக்கும், சில இடம் மாறியிருக்கும். பன்னிரண்டு மாதம் கட்டிய கோபுரம் ஒரே ராத்திரியில் சரிந்து கிடக்கும். சகலை அன்று லீவு போட்டுவிடுவார். அலுவலகத்தில் முட்டாள்கள் தினத்துக்கு யாராவது லீவு போடுவார்களா என்று மேலதிகாரி கேட்டாராம். இவருக்கு அந்தத் தினத்தின் ஞாபகமே இல்லை.

அத்தை இந்தச் சர்வரிடம் கேட்டது ஒரே ஒரு உதவிதான். இலவசச் சேனல் ஒன்றில் இரவு எட்டு மணிக்கு ராமாயணச் சொற்பொழிவு. அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது, பதிவு செய்துவைக்க முடியுமா என்றார். நாலு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் சாப்பாடு கேட்கிறார்! சகலை சந்தோஷமாக நிகழ்ச்சி அட்டவணையைத் திறந்து, சொற்பொழிவின் மேல் சிவப்புப் புள்ளி வைத்தார்.

அட்டவணைக் கோப்பில் ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் +0530 என்று எழுதவேண்டும், இது இந்திய நேரம் என்று சர்வருக்குப் புரிவதற்காக. லோகோவின் ஓரத்தை வட்டமாக வெட்டுவதா சதுரமாக வெட்டுவதா என்று ஒரு வாரம் யோசித்த சகலை, அதை எழுத மறந்துவிட்டார். சர்வர் எட்டு மணியை லண்டன் பக்கத்து எட்டு மணி என்று எடுத்துக்கொண்டு, ஐந்தரை மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்து, நம் நேரம் ராத்திரி ஒன்றரைக்கு விழித்து, ஒரு மணி நேரம் சிரத்தையாகப் பதிவு செய்தது.

கல்யாணம் முடிந்து வந்த அத்தை அடுத்தநாள் சோபாவில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். சகலை ஆவலோடு, "எப்படி இருந்தது அத்தை?" என்றார்.

"நல்லாத்தான் சொன்னாருங்க மாப்பிள்ளை. அந்த முட்டிவலித் தைலம் நம்ம ஊர்ல கிடைக்குமா?"

அதன் பிறகு அத்தை சர்வர் பக்கம் வரவில்லை. அவர் அறையில் சின்ன டிவி ஒன்று, கேபிள் பெட்டியோடு. போன மாதம் அந்த ரிமோட்டுக்குப் பேட்டரி போட சகலை போனார், நானும் கூடப் போனேன். டிவிக்குப் பக்கத்துச் சுவரில் நாள்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஊசியால் குத்தியிருந்தார் அத்தை. நீல மையில் ஏழே வரி. நேரம், எண், ஒரு சொல், அவ்வளவுதான். ஆறு மணிக்கு எதிரே ஒரு எண், 'சாமி'. பன்னிரண்டரைக்கு 'சமையல், உப்பு ஜாஸ்தி'. இரண்டு மணிக்கு 'தூக்கம்'. ஏழுக்கு 'மழை'. எட்டுக்கு 'ராமாயணம்'. ஒன்பதுக்கு 'நல்லவள்', ஒன்பதரைக்கு 'கெட்டவள்'.

சகலை அந்தத் தாளின் முன்னால் அசையாமல் நின்றார். "தூக்கத்துக்குமா சேனல்?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க மாப்பிள்ளை. அதுல ஒரு கோர்ட்டு வாதம் சத்தமில்லாமப் போகும். நல்லாத் தூக்கம் வரும்."

"மொழிப்படி இல்ல, அகரவரிசை இல்ல" என்று என் காதில் சொன்னார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "அவங்க நாளை அப்படியே அடுக்கியிருக்காங்க சகலை." பிறகு அத்தையிடம் திரும்பி, வெகு பணிவாக, "இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா அத்தை?" என்றார்.

அன்று சாயங்காலமே சர்வரில் புது குரூப் ஒன்று பிறந்தது, பெயர் 'அத்தை'. ஏழு சேனல். அதில் ஐந்து பூட்டியவை, கேபிளில் மட்டும்தான் வரும். ஆனாலும் கதவு எண் போட்டுவிட்டார். இரவு எட்டுக்கு ராமாயணம் திறந்தது. +0530 தன் இடத்தில் இருந்தது. நாலு வருஷத்தில் அந்த ஹாலில் பட்டியல் மறைந்து படம் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். அத்தை நடுவில், நாங்கள் இரண்டு மாப்பிள்ளைகளும் இரண்டு பக்கம். அனுமன் கடலைத் தாண்டத் தயாராகிக்கொண்டிருந்தான்.

கால் மணி நேரம் சகலை தாக்குப்பிடித்தார். அப்புறம் அவர் கை தானாகக் கீபோர்டைத் தேடியது. அத்தைக்கு மேலாக என் பக்கம் சாய்ந்து, "சகலை, இந்த குரூப்புக்கு லோகோ என்ன போடலாம்? வெத்தலைப் பெட்டியா, மூக்குக் கண்ணாடியா?" என்று கிசுகிசுத்தார்.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சர்வர் பேசிக்கிட்டே நின்னா சாப்பிடுறது எப்படிங்க மாப்பிள்ளை?"