நெகத்துல மண்ணு படாத மல்லி

வா கண்ணு. கயித்துக் கட்டல்ல உக்காரு. மோர் குடிக்கறியா? உன்ற மூஞ்சியப் பாத்தா செடிக்கு முன்னால நீ வாடிருவே போலிருக்குது. கையில அதென்ன? அந்தக் கம்பியையுமா தூக்கிட்டு வந்திருக்கறே? என்ற தோட்டத்து மண்ணுல ஈரம் இருக்குதான்னு சோதிக்கப் போறியாக்கும். சோதி, சோதி. மாட்டு டாக்டரு ஊருக்குள்ள வந்துட்டா நல்ல மாட்டுக்கும் ஒரு ஊசி உண்டு.

பங்குனி பொறந்து பத்து நாள் ஆகல, அதுக்குள்ள போன் மேல போன். "அப்பாரு, செம்பருத்தி போயிருச்சு. அப்பாரு, ரோசா கருகுது." எழவு சொல்றவனாட்டத் தெனம் ஒரு சேதி. சரி, போய்த்தான் பாப்பமேன்னு சத்தியில பஸ் ஏறி, கோயமுத்தூர்ல எறங்கி, நாலு மாடி ஏறி வந்து எட்டிப் பாத்தேன். தோட்டமா அது? ஆசுபத்திரி வார்டு. தொட்டிக்குத் தொட்டி ஒரு கம்பி. குழாய்க்கு ஒரு கடியாரம், அதுவா தொறந்து அதுவா மூடுமாம். ஒவ்வொரு செடிக்கும் பேர் எழுதுன அட்டை வேற. எதுக்குக் கண்ணு? கூப்புட்டா வருமா?

அந்தச் செம்பருத்தித் தொட்டிக்குள்ள வெரல விட்டேன். ரெண்டு கணு மட்டும் எறங்குச்சு, ஒரே சேறு. எடுத்து மோந்து பாத்தா, மழைக்காலத்துக் குப்பைக்குழி வாடை. தொட்டிக்கு அடியில பளபளன்னு ஒரு தட்டு. தட்டு நெறையத் தண்ணி. தண்ணி நெறையக் கொசுப்புழு. உன்ற செடி தாகத்துல சாகல கண்ணு, முங்கிச் செத்திருக்குது. வேருக்கும் மூச்சு விடோணும். நாள் பூரா உன்னையக் கெணத்துல நிக்க வெச்சுட்டு, தாகமா இருக்குதா தாகமா இருக்குதான்னு கேட்டா உனக்கு எப்படி இருக்கும்?

கேட்டா, மத்தியானம் எல தொங்குச்சு, அதான் ஊத்துனேங்கறே. தொங்காம என்ன பண்ணும்? உச்சி வெயில்ல நீ துண்ட எடுத்துத் தலைக்குப் போட்டுக்கறே, அது எலையச் சாச்சுக்குது. வேர் மேல அனுப்பற தண்ணியவிட வெயில் உறிஞ்சறது அந்நேரத்துல எச்சு, அவ்வளவுதான். பொழுதோட மறுக்கா போய்ப் பாரு. நிமிந்துட்டுதா? உட்டுரு. வெடியால எந்திரிச்சுப் பாக்கறப்பவும் தொங்கிட்டே இருக்குதா? அப்ப வெரல விடு. காஞ்சு கெடந்தா ஊத்து. ஈரமிருந்தும் தொங்குனா வேர்ல கோளாறு, தண்ணிச் செம்பைக் கீழ வெச்சுரு.

ரோசாக் கத வேற. எல ஓரமெல்லாம் தீஞ்சு போயிருந்துச்சு, பீடி வெச்சுச் சுட்டாப்புல. உன்ற கம்பி மட்டும் "நல்ல ஈரம்"னு பச்சைல காட்டுது. தொட்டி வாய்ல வெள்ளையாப் படிஞ்சிருந்ததை நெகத்துல சொரண்டி நாக்குல வெச்சேன். கரிச்சுது. நீ மூஞ்சியச் சுளிச்சே. சுளிச்சா ஆச்சா? சமையக்கட்டுல தண்ணி சுத்தம் பண்ற மிசின் ஒண்ணு வெச்சிருக்கறே. அது கழிச்சுத் தள்ற தண்ணிய வீணாக்காம ரோசாவுக்கு ஊத்தறேன்னு பெருமை வேற. நீ குடிக்க வேண்டாம்னு தள்ளுன உப்பெல்லாம் ஒட்டுக்கா அதுலதானே இருக்குது? ஒறம்பரைக்கு ஊறுகாயவே சோறாப் போட்ட கதை. அந்தக் கம்பி ஏன் பச்சை காட்டுச்சுன்னு எங்கூரு மோட்டார் ரிப்பேர்காரப் பையனக் கேட்டேன். வெல கொறஞ்ச கம்பியெல்லாம் ஈரத்த நேராப் பாக்கறதில்லையாம், மண்ணுக்குள்ள கரண்டு ஓடறதப் பாத்துட்டு ஈரம்னு சொல்லுமாம். உப்பு இருந்தா கரண்டு சுளுவா ஓடாதா? அப்பறம் என்ன, உப்புக்கும் ஈரம்னுதான் சொல்லும்.

இதுல கூத்து என்னன்னா, உன்ற ஏசி மிசின்ல சொட்டற தண்ணி பூராச் சாக்கடைக்குப் போகுது. காத்துல இருக்கற ஈரம் குளுந்து சொட்டற தண்ணி, உப்பே கெடையாது. அத ஒரு போசி வெச்சுப் புடிக்க மனசு வரல. உப்புத் தண்ணிய மட்டும் சொமந்துட்டு மாடி ஏறறே. படிச்ச புள்ள.

அப்பறம் அந்தப் புஸ்ஸு டப்பா. தெனம் மூணு வேளை எல மேல புஸ்ஸு புஸ்ஸுன்னு தெளிக்கறே. பன்னீர் தெளிக்கறக்கு அங்கென்ன கல்யாணமா நடக்குது? தாகம் வேர்ல இருக்குது கண்ணு. மண்ணு மேலாப்புல மட்டும் ஈரம் இருந்தா வேர் கீழ எறங்கறக்கு அதுக்கென்ன தலையெழுத்து? திண்ணையிலயே சோறு கெடைக்கறவன் எதுக்குக் காட்டுக்குப் போறான்? தரையில நட்ட செடின்னா மூணு நாளைக்கோ நாலு நாளைக்கோ ஒருக்கா, பாத்தி நெறையக் கட்டு. தொட்டின்னா அடி ஓட்டையில தண்ணி எட்டிப் பாக்கற வரைக்கும் ஊத்து, அப்பறம் மேல் மண்ணு காயற வரைக்கும் அந்தப் பக்கமே போகாத. டப்பா வேணும்னா ரோசா எலைக்கு அடியில செம்பேன் கூடு கட்டறப்ப எடு. வறண்ட வெயில்லதான் அந்தச் சனியன் பெருகும். எலையத் திருப்பி வெச்சு வெசையா அடிச்சுக் கழுவு. செம்பருத்தில பஞ்சாட்ட ஒட்டற மாவுப்பூச்சிக்கும் மொத வைத்தியம் அதேதான்.

மத்தியானம் எல மேல தண்ணி பட்டா, துளி பூதக்கண்ணாடியாட்ட வெயிலக் கூட்டிச் சுட்டுப்போடும்னு எவனோ படம் போட்டுச் சொன்னானாமா. ஏங்கண்ணு, சித்திரையில கோடை மழ சடசடன்னு பேஞ்சு நிக்கும், மறு நிமிசம் சுள்ளுன்னு வெயில் அடிக்கும். காட்டுல இருக்கற அத்தன செடியும் பொசுங்கியா போச்சு? மத்தியானம் ஊத்தக்கூடாதுங்கறதுக்குக் காரணம் வேற. ஊத்தறதுல ஒரு பங்கை வெயிலே குடிச்சுரும். அதுவும் போக, மொட்டைமாடியில கறுப்பு டேங்க், அதுலிருந்து ஒரு ரப்பர் குழாய். குழாய்க்குள்ள படுத்திருந்த தண்ணிய அன்னைக்கு என்ற கையில புடிச்சுப் பாத்தேன். டீத்தூளு போட்டா எறங்கிரும். அதக் கொண்டு போயி வேர்ல ஊத்தறே. வெடியால ஊத்து கண்ணு. ஏழு மணிக்குத்தான் எந்திரிப்பேன்னா பொழுது சாஞ்சப்பறம் ஊத்து, ஆனா ஒரு கொடம் புடிச்சு வெச்சு ஆற உட்டு ஊத்து.

நான் வந்தன்னைக்கு இன்னொண்ணும் பாத்தேன். கீழ காவக்காரரு வேப்பஞ்சருகக் கூட்டிக் குமிச்சுத் தீ வெச்சுட்டு இருந்தாரு. அதே நேரத்துல உன்ற ஊட்டு வாசல்ல ஒருத்தன் மூட்டை எறக்கறான். என்னடான்னா, மண்ணு மேல பரப்பறக்கு எலச் சருகு, காசு குடுத்து வாங்குனதாம்! எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. மூடாக்குப் போடோணும்னு நெனச்சியே, அந்த மட்டும் சந்தோசம். அதுக்கு மூட்டை எதுக்கு? சட்டினிக்கு ஒடைக்கற தேங்காயோட மட்டை இருக்குது. நார்ப்பக்கம் மண்ணப் பாக்கக் கவுத்து வை. இந்தப் பக்கம் கடலைப் பொட்டு கெடக்குது, ஒரு சாக்கு அள்ளிட்டுப் போ. நார்க்கழிவு வாங்குனீன்னா மட்டும் நல்லா ரெண்டு மூணு தண்ணி அலசிப் போடு, அதுலயும் உப்பு இருக்கும். தண்டோட ஒட்டிப் போடாத, நாலு வெரக்கட எட்டப் போடு.

உன்ற அப்பத்தா இருந்தாளே, பூச்செடிக்குன்னு தனியா ஒரு கொடம் தண்ணி சேந்துனதில்ல. பொடக்காலில குச்சியால வாய்க்கா கிழிச்சு வெச்சிருந்தா. அரிசி கழுவற தண்ணி கனகாம்பரத்துக்கு, துணி தொவைக்கற தண்ணி கல்வாழைக்கு, கை கழுவற தண்ணி மல்லிக்கு. ஓட்டைப் பானையக்கூடத் தூக்கிப் போட மாட்டா. ஓட்டைய அடைச்சு, கழுத்து மட்டும் தெரியறாப்புல ரெண்டு செடிக்கு நடுவால பொதைச்சு, தண்ணி ஊத்தி மூடி வெச்சுருவா. மண்பானை கசியுமில்ல? மண்ணு காயக் காயப் பானை கசியும். கடியாரம் கட்டாத குழாய். ஆனா அவ பாத்தரம் வெளக்குனது சாம்பலும் புளியும். நீ வெளக்கறது நொரை. அத அப்படியே ரோசாவுக்குத் திருப்பிடாத, வாழை இருந்தா அதுக்கு உடு.

ஊட்டிக்குப் போனப்ப நீல நீலமாக் கொத்துக் கொத்தாப் பூத்த செடி ஒண்ணு வாங்கிட்டு வந்தியே, அது எங்க? போயிருச்சா? போகாம? அது 7,300 அடி ஒசரத்துல சொட்டர் போட்டுட்டு நின்ன செடி. 1,300 அடிக்கு எறக்கி, பங்குனி வெயில்ல சிமிட்டித் தளத்து மேல நிறுத்திட்டு, ஏன் சிரிக்க மாட்டேங்குதுன்னு கேக்கறே. வெயில்ல சிரிக்கற சாதி எத்தன இருக்குது! அரளி இருக்குது, கொழந்தை இருக்கற ஊட்டுல வாய் வெச்சுராமப் பாத்துக்கோணும், வெசம். பத்துமணிப்பூ இருக்குது, தண்டுக்குள்ளயே தண்ணி சேத்து வெச்சுக்கற கெட்டிக்காரி. காகிதப்பூவுக்கு நீ பாசமா நடந்துட்டா பூவே தராது, எலையா உட்டுத் தள்ளும். காயப் போடு, கொட்டும். அந்தச் செவப்புக்கூடப் பூ இல்ல, எலதான் வேசம் கட்டுது. உள்ளார வெள்ளையாத் துளியூண்டு இருக்கறதுதான் பூ. கல்யாணத்துல மாப்பிள்ளையவிட மாப்பிள்ளைத் தோழன் மினுக்கறாப்புல.

மல்லியா? மல்லிக்கு இப்பத்தான் காலமே. இந்த மாசத்துல சத்திப் பூ மார்க்கெட்டுல மூட்டை மூட்டையா வந்து எறங்கும், வெல வாங்கறவன் பாடு கொண்டாட்டம். மார்கழி, தை பனியில அதே பூ கிலோ ஆயிரக்கணக்குல போகும். மதுரைக்காரங்க 2013லயே அவங்க மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. எங்க மல்லிக்கு மட்டும் வாசம் கம்மியாங்காட்டியும்? சரி, அந்த வம்பு எதுக்கு. உன்ற மல்லி ஏன் பூக்கலன்னா, கார்த்திகையில முழங்கால் ஒசரத்துக்கு வெட்டி உட்ருன்னு சொன்னேன். மனசு வரலேன்னே. இப்பக் கொடியாட்ட ஓடி நிக்குது. வர்ற கார்த்திகையில வெட்டு, அது மட்டும் ஒரம், சத்துத் தண்ணின்னு அதும் வாயில எதையும் திணிக்காத. காஞ்ச மண்ணுல ஒரம் போட்டா வேர் பொசுங்கிரும்.

என்ன அப்படிப் பாக்கறே? இவருக்கு மட்டும் எல்லாம் எப்படித் தெரியும்னா? அப்பத்தா போன வருசம், அவ வெச்ச மல்லிக்கு நானும் தெனம் நாலு கொடம் ஊத்துனேன். காத்தால ரெண்டு, பொழுதோட ரெண்டு. ஆரு சொல்லியும் கேக்கல. ஒரு மாசத்துல எல பூரா மஞ்சளாப் போச்சு. பக்கத்துக் காட்டுக் கெழவி வேலிக்கு அந்தப்பக்கம் நின்னுட்டு, "ஏனுங், ஊட்டுக்காரம்மாவத்தான் அனுப்பிட்டீங்க, செடியையும் அனுப்பறீங்களா"ன்னு கேட்டா. அன்னைக்குக் கொடத்தக் கவுத்தவன்தான்.

அந்தா நிக்குது பாரு, தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல. வெயில் ஏறறக்குள்ள போயி ஒரு கை மொக்குப் பறிச்சுக்க. விரிஞ்சதத் தொடாத, வெள்ளையா உப்பி நிக்கற மொக்காப் பாத்துக் கிள்ளு. வாழையெலயில மடிச்சு எடுத்துட்டுப் போ, பஸ்ஸு கோயமுத்தூர் சேர்றப்ப மொக்காத்தான் இருக்கும், வெளக்கு வெக்கற நேரத்துக்கு உன்ற ஊட்டுல விரியும். அந்தக் கம்பிய மட்டும் இங்க வெச்சுட்டுப் போ கண்ணு. தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுக்கறக்கு ஒரு குச்சி கொறையுது.