கைகாட்டி மகாத்மியம்

பதிவிறக்கக் கோப்புறைகளைச் சீரமைக்கப் புறப்பட்டவர்களுக்கு ஓர் எளிய வழி: கோப்பை இஷ்டப்பட்ட இடத்துக்கு மாற்றுங்கள், பழைய இடத்தில், புது இடத்தைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் (குறியீட்டு இணைப்பு) போடுங்கள். சீரமைப்பு முடிந்தது, அறிக்கை அனுப்பலாம்.

சிம்லிங்க்கிடம் ஓர் அரிய குணம் உண்டு. தான் சுட்டும் கோப்பு உயிரோடு இருக்கிறதா என்று அது விசாரிப்பதே இல்லை. கோப்பு அழிந்து வருஷமானாலும், "மூணாம் நம்பர் கவுன்ட்டர்ல கேளுங்க" என்று சொல்லும் அலுவலக ஊழியரைப் போல, முகம் மாறாமல் வழிகாட்டும். அந்த மூன்றாம் நம்பரும் இன்னொரு சிம்லிங்க்காக இருக்கலாம். லினக்ஸ் ஒரு பாதையில் 40 இணைப்புகள் வரை பொறுமையாகப் பின்தொடரும். அதற்குமேல் போனால் கைவிரித்துவிடும். மனிதர்களைவிட இது தாராளம்தான்.

முழுப் பாதை கொடுத்து இணைத்தவர்களுக்குக் கூடுதல் யோகம். மொத்தக் கோப்புறையும் வேறு வட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகும், இணைப்புகள் மட்டும் பழைய விலாசத்தையே ஜபித்துக்கொண்டிருக்கும். சார்புப் பாதை கொடுத்திருந்தால் கூடவே வந்திருக்கும். ஆனால் அதற்கு முன்யோசனை தேவை.

கோப்புறையை மிரர் (நகல்) எடுப்பவர் பாடு தனி. நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் சின்ன எல் போட்டால் இணைப்பு இணைப்பாகவே போகும். பெரிய எல் போட்டால் அது சுட்டும் கோப்பே போகும்: ஐந்து பெயரில் கிடக்கும் 4 ஜிபி ஐஎஸ்ஓ, அந்தப் பக்கம் 20 ஜிபியாகப் பிரசவமாகும்.

உடைந்த இணைப்புகளையெல்லாம் ஃபைண்ட் கட்டளை ஒரே வரியில் பட்டியலிட்டுவிடும். அந்தப் பட்டியலுக்குப் பயந்துதான் யாரும் அதை ஓட்டுவதில்லை.