ஆடியில் போட்டது, புரட்டாசியில் கேட்டது

கே: ஆடியில் ஊன்றிய அவரை பந்தல் நிறையப் படர்ந்துவிட்டது. புரட்டாசி பிறந்தும் ஒரு பூ இல்லை. மலட்டுக் கொடியோ? (ஒரு வாசகி, அனுப்பம்பட்டு)

ப: கொடிமேல் பழி போடாதீர்கள் அம்மா. நாட்டு அவரை நாள் பார்த்துத்தான் பூக்கும். பகல் குறுகி இரவு நீண்டால்தான் அதற்குப் பூக்கும் எண்ணமே வரும். பொங்கல் குழம்புக்குக் காய் கிடைத்துவிடும். அவசரக்காரர்களுக்கென்றே குத்து அவரை இருக்கிறது, அது மாதம் பார்க்காது. பூக்கவில்லையே என்று உரத்தை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள். இலை இன்னும் கொழுக்கும், அவ்வளவுதான்.

கே: சுரையில் பூவெல்லாம் கொட்டுகிறது. தேனீயும் வருவதில்லை. (பொன்னேரி)

ப: தேனீ வீட்டுக்குப் போனபின் விரியும் பூ அது. சாயங்காலம் மலர்ந்து மறுநாள் வாடிவிடும். அந்துப்பூச்சிதான் அதற்கு விருந்தாளி. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ, அது கொட்டத்தான் செய்யும். காம்பருகே குட்டிச் சுரை தெரிந்தால் பெண் பூ. பூச்சியை நம்பாவிட்டால், பொழுது சாய்ந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். சீரியல் தொடங்குவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும்.

கே: போர் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் கருகுகிறது. என்ன நோய்? (மீஞ்சூர்)

ப: நோய் செடிக்கு இல்லை, ஊருக்கு. பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் பல காலம் நிலத்தடி நீரை உறிஞ்சினோம். காலியான இடத்தில் கடல் குடிவந்துவிட்டது. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010 முதல், நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவில் கடல்நீர் ஆலை நடக்கிறது. உங்களுக்கு ஆலை வேண்டாம், கூரை போதும். சாயங்கால இடிமழையை டிரம்மில் பிடியுங்கள். நாற்றுக்கும் கீரைக்கும் அந்தத் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும் என்றால் இலையில் படாமல் ஊற்றுங்கள். தினம் ஒரு சொம்பு தெளித்தால் உப்பு மேலேயே தங்கும். இடைவெளி விட்டு, வேருக்குக் கீழே உப்பு இறங்கும்படி நிறைய விடுங்கள். மண்ணைச் சருகால் மூடிவையுங்கள். தென்னையும் சப்போட்டாவும் உப்பைப் பொறுக்கும். பீன்ஸும் எலுமிச்சையும் முகம் சுளிக்கும்.

கே: மீன் கழிவைச் செடிக்கடியில் புதைக்கலாமா? (பழவேற்காடு)

ப: புதைக்கலாம்; தோண்டியெடுக்கத் தெருநாய் இருக்கிறது. மீன் அமிலமாக்குங்கள். கழிவுக்குச் சம எடை வெல்லம் கலந்து இறுக மூடி, மூன்று நான்கு வாரம் வையுங்கள். கவிச்சி போய்ப் பழவாடை வந்தால் தயார். லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி போதும். கருவாட்டுத் தலை மட்டும் வேண்டாம், இருக்கிற உப்பே ஏராளம். புரட்டாசியில் பட்டணமே சைவமாகி மீன் விலை இறங்கும் நேரம். கத்தரிச் செடியாவது வயிறார அசைவம் சாப்பிடட்டும்.

கே: ஐப்பசி மழைக்கு முன் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். (பொன்னேரி)

ப: முருங்கைக் கிளையைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று குறைக்கும், பக்கத்து வீட்டு ஓட்டின்மேல்.

கே: தோட்டக் கேள்வி இல்லை. பூநாரை எப்போது வரும்? (அதே அனுப்பம்பட்டு வாசகி)

ப: மழைக்குப் பின், உங்கள் அவரை பூக்கிற சமயத்தில். பழவேற்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்காவது தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை.